பயிற்சியாளர் நீடிக்கலாமா, போக வேண்டுமா: ஒரு ரசிகர் முடிவுக்கு வருவது எப்படி?

ஒரு கால்பந்து அணி அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டால் அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பெங்களூரில் அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் பக்கம் வளர்ந்த தமிழர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பெலேவுக்குச் சிலை வைத்த தெரு இங்கே இருக்கிறது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் இரவு எட்டரை மணிக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டத்தின் முன்னால் உட்காருகிறவரும், கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். எனவே அவருக்கு இரண்டு அணிகள், இரண்டு பயிற்சியாளர்கள், இரண்டு சச்சரவுகள். இந்தக் கட்டுரை எந்தப் பயிற்சியாளருக்கும் வக்காலத்து வாங்க எழுதப்படவில்லை. உங்கள் அணியின் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்ற கேள்வியில், நேற்றைய ஸ்கோரின் சூட்டில் பேசாமல் நின்று பேசக்கூடிய ஒரு கருத்தை எப்படி உருவாக்கிக்கொள்வது என்பதே இதன் வேலை.

எதைப் பற்றிச் சண்டை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டு பேர் ஒரு மணி நேரம் வாதாடியும் ஓரடிகூட நகரவில்லை என்றால், பெரும்பாலும் அவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றுதான் பொருள். ஒருவர் புள்ளிப் பட்டியலில் அணி இருக்கும் இடத்தைப் பேசுகிறார். இன்னொருவர் கோப்பையைப் பேசுகிறார். மூன்றாமவருக்கு அணி ஆடும் விதம் பிடிக்கவில்லை. ஜெயித்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. நான்காமவர் இளம் வீரர்களை மனத்தில் வைத்து இரண்டு வருடம் கழித்து என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறார்.

லண்டன் அணியான டாட்டனம் ஹாட்ஸ்பரின் 2024–25 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவின் கீழ் அந்த அணி லீகில் 22 ஆட்டங்களில் தோற்று 17ஆம் இடத்தில் முடித்தது. அதே பருவத்தில், 2025 மே 21 அன்று, பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என்று வென்று, ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீகைக் கைப்பற்றியது. 17 வருடங்களுக்குப் பிறகு அந்தக் கழகம் தொட்ட முதல் கோப்பை அது. ஜூன் 6 அன்று அவர் நீக்கப்பட்டார். இதில் யார் சரி? பட்டியலைப் பார்ப்பவருக்கு நீக்கம் தாமதமாக வந்த நியாயம். கோப்பையைப் பார்ப்பவருக்கு அது நன்றிகெட்ட செயல். இருவரிடமும் உண்மை இருக்கிறது, ஆனால் இருவரும் வேறு வேறு தராசை வைத்திருக்கிறார்கள். ஆகவே வாதத்தைத் தொடங்குவதற்கு முன் அந்தத் தராசை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். “அண்ணா, நீங்க கப்பைச் சொல்றீங்க, நான் டேபிளைச் சொல்றேன், முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு முடிவு பண்ணிக்கலாம்” என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். மீதிப் பாதிதான் உண்மையில் பேச வேண்டிய விஷயம்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மார்ச் 18 ஒரு சாட்சி. வெஸ்ட் பிராமிச் மைதானத்தில் ஆர்சனல் ஆடிக்கொண்டிருந்தபோது, அதன் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கருக்குப் புது ஒப்பந்தம் கூடாது என்ற பதாகையோடு ஒரு விமானம் மேலே சுற்றியது. அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்ற பதாகையோடு இன்னொரு விமானமும் சுற்றியது. ஒரே கழகத்தின் ரசிகர்கள் காசு திரட்டி வானத்தில் நடத்திய வாக்குவாதம் அது. கீழே அணி 3–1 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் வெங்கர் இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்றார், மேலும் இரண்டு வருட ஒப்பந்தம் பெற்றார், ஒரே வருடத்தில் விடைபெற்றும் போனார். விமானங்கள் எதையும் தீர்த்து வைக்கவில்லை.

ஸ்கோரைத் தள்ளி வைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்

கால்பந்தில் கோல்கள் குறைவாக விழுவதால் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். கம்பத்தில் பட்டுத் திரும்பிய இரண்டு பந்துகளும் நடுவர் தராமல் விட்ட ஒரு பெனால்ட்டியும் சேர்ந்தால் நல்ல அணிகூட மூன்று வாரம் மோசமான அணி போலத் தெரியும். எனவே மூன்று ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எட்டு முதல் பத்து ஆட்டங்களாவது வேண்டும். அவற்றில் எத்தனை வெளியூரில் நடந்தவை, எத்தனை பட்டியலின் மேல்பாதி அணிகளுக்கு எதிரானவை, எவற்றில் நம் ஆள் சிவப்பு அட்டை வாங்கினார் என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆர்சனல் லீகின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோலும் அடிக்கவில்லை, ஒன்பது வாங்கியது. மிக்கேல் ஆர்டெட்டாவை அனுப்பச் சொன்ன குரல்கள் அன்று குறைவாக இல்லை. அந்தப் பருவத்தை அவர்கள் ஐந்தாம் இடத்தில் முடித்தார்கள். அதற்கடுத்த மூன்று பருவங்களிலும் இரண்டாம் இடம். அந்த முதல் மூன்று ஆட்டங்களில் செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் எதிரணிகளாக இருந்தன என்பதை அப்போது நிதானமாகச் சொன்னவர்கள் சிலரே.

எண்களில் விருப்பம் உள்ளவர்கள் எதிர்பார்ப்பு கோல் கணக்கைப் பார்க்கலாம். ரசிகர்கள் எக்ஸ்ஜி என்று சொல்வது இதைத்தான். ஒரு ஷாட் அடிக்கப்பட்ட இடம், கோணம் முதலியவற்றை வைத்து அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிடுவார்கள். பெனால்ட்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல் மதிப்பு வரும், முப்பது கஜத்திலிருந்து ஆசைக்கு அடிக்கும் ஷாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றும் வராது. பத்து ஆட்டங்களைக் கூட்டிப் பார்க்கையில் நம் அணி எதிரணிகளைவிட நல்ல வாய்ப்புகளை உருவாக்கியும் தோற்றிருந்தால், பயிற்சியாளருக்கு இன்னும் அவகாசம் தர ஒரு காரணம் உண்டு. தலைகீழாக இருந்தால், அதாவது கோல்கீப்பரின் புண்ணியத்தில் வெற்றி வந்துகொண்டிருந்தால், பட்டியலில் மேலே இருக்கும்போதே கவலைப்படத் தொடங்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தின் எக்ஸ்ஜியைத் தூக்கிக்கொண்டு வாதாட வருபவரிடம் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

எண்களைவிடக் கண் நம்பகமானது, பார்க்கும் இடம் சரியாக இருந்தால். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால், பந்து இல்லாத ஒன்பது பத்து பேர் என்ன செய்கிறார்கள் என்பது திரையில் வருவதில்லை. பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கண்டீரவாவில் களத்துக்கும் இருக்கைகளுக்கும் நடுவே ஓட்டப் பாதை வேறு இருப்பதால், முன்வரிசையில் உட்கார்ந்தால் வீரர்களின் முகம் தெரியுமே தவிர அணியின் அமைப்பு தெரியாது. ஒரு ஆட்டத்துக்காவது மேல் வரிசையில் போய் உட்காருங்கள். பந்து பறிபோனவுடன் அடுத்த ஐந்து விநாடிகளை மட்டும் கவனியுங்கள். பந்தை இழந்தவருக்கு அருகிலுள்ள இருவர் பாய்ந்து நெருக்குகிறார்களா, அல்லது எல்லோரும் ஒன்றாகப் பின்வாங்குகிறார்களா? இரண்டுமே முறைதான். இருவர் நெருக்க ஓட, மூன்றாமவர் இடுப்பில் கைவைத்து நிற்க, பின்கள நால்வர் பின்னோக்கிப் போக, நடுவில் ஒரு லாரி போகுமளவுக்கு வெற்றிடம் திறந்தால், அந்த அணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அல்லது சொன்னதை வீரர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஆட்டத்தில் நடந்தால் சோர்வு. தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் அதே இடத்தில் அதே வெற்றிடம் திறந்தால் பயிற்சியாளரைத்தான் கேட்க வேண்டும்.

அறுபதாவது நிமிடத்தைத் தாண்டியதும் பதிலி வீரர்களைக் கவனியுங்கள். ஆட்டம் கைநழுவுவது காலரியில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பிறகும் எண்பதாவது நிமிடம் வரை கைகட்டி நிற்கிறவர் ஒரு ரகம். மாற்றம் செய்தும் எதுவும் நடக்காமல் போகிறவர் வேறு ரகம். இரண்டாமவரை மன்னிக்கலாம். அதேபோல, கார்னரில் இருந்து அருகிலுள்ள கம்பத்தில் ஒரே மாதிரிக் கோலைத் திரும்பத் திரும்ப வாங்குவது பயிற்சியாளரின் கணக்கில் எழுத வேண்டியது. கீப்பர் கையிலிருந்து வழுக்கிய பந்து கீப்பரின் கணக்கு. நம்மவர்கள் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிவிடுகிறார்கள்.

அவர் கையில் இல்லாதவை

வீரர்களை வாங்குவது யார் என்று விசாரியுங்கள். இப்போது பல கழகங்களில் அதற்கென்று ஒரு விளையாட்டு இயக்குநர் இருக்கிறார். பயிற்சியாளர் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்பது சாதாரணம். இந்தியாவின் முதல்நிலை லீகான ஐ.எஸ்.எல்.-இல் (இந்தியன் சூப்பர் லீக்) 2021–22 பருவத்திலிருந்து ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களே களத்தில் இருக்கலாம் என்ற வரம்பு இருப்பதால், அவர்களில் ஒருவர் தொடைத் தசை பிடித்து ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டால் அணியின் முதுகெலும்பே ஆடிப்போகும். நிர்வாகச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2025-இல் லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குழப்பத்தில் லீகே தள்ளிப்போனது, அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு பயிற்சியாளர் எதைத் திட்டமிட முடியும்?

பொறுமை வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் தவறாமல் அலெக்ஸ் பெர்குசனைக் கூப்பிடுவார்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர், 1989–90 லீகில் 13ஆம் இடம், அதே பருவத்தில் எஃப்.ஏ. கோப்பை, 1992–93-இல்தான் முதல் லீக் பட்டம். எல்லாம் உண்மை. ஆனால் பொறுமை காத்து ஒன்றும் கிடைக்காமல் போன கழகங்களின் பெயரை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை. பெர்குசன் கதையை ஆதாரமாக எடுக்காதீர்கள்; நம்பிக்கைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வருவார், எப்போது வருவார்

என் பார்வையில் மொத்த விவாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, நம் சச்சரவுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். “இவர் நல்லவரா?” என்று கேட்பதால் பயனில்லை. “இவரை அனுப்பினால், இந்த மாதத்தில், இந்தச் சம்பளத்துக்கு, இந்த வீரர்களோடு வேலை செய்ய யார் வருவார், அவர் இவரைவிட மேலா?” என்று கேட்க வேண்டும். போக வேண்டும் என்று சொல்பவர் இரண்டு பெயர்களாவது சொல்ல வேண்டும். உலகப் புகழ்பெற்ற பெப் குவார்டியோலா என்று சொன்னால் அது கணக்கில் சேராது.

பெங்களூரு எஃப்சியின் சொந்த வரலாறே இதற்கு நல்ல பாடம். 2018-இல் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் கண்டீரவாவிலேயே சென்னையின் எஃப்சியிடம் 3–2 என்று தோற்ற பிறகு பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா விடைபெற்றார். அவருக்கு உதவியாளராக இருந்த கார்லஸ் குவாட்ராட் பொறுப்பேற்றார். வீரர்களை அறிந்தவர், முறையை அறிந்தவர், பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலமும் முழுதாகக் கிடைத்தது. 2019 மார்ச்சில் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ராகுல் பேக்கே தலையால் முட்டிய கோலில் எஃப்சி கோவா அணியை வென்று பட்டம் வந்தது. அதே குவாட்ராட்டை 2021 ஜனவரியில், தொடர்ந்து மூன்று தோல்விகளுக்குப் பிறகு, கழகம் நீக்கியது. கொரோனா காலம், எல்லா ஆட்டங்களும் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில். உதவியாளர் நௌஷாத் மூசா மீதிப் பருவத்தை நடத்தினார். அணி ஏழாம் இடத்தில் முடித்தது.

அடுத்து சைமன் கிரேசனின் கதை. 2022-இல் டூரண்ட் கோப்பையை வென்று தொடங்கியவரின் அணி லீகின் முதல் பாதியில் தள்ளாடியது. அப்போதே அனுப்பியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அனுப்பவில்லை, லீகின் கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்று, பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்த அணி இறுதி ஆட்டம் வரை போய், மோகன் பகானிடம் பெனால்ட்டி ஷூட்அவுட்டில்தான் தோற்றது. ஆனால் அடுத்த பருவத்தில், 2023 டிசம்பரில், சொந்த மைதானத்தில் மும்பை சிட்டியிடம் 4–0 என்று விழுந்ததும் அவர் நீக்கப்பட்டார். பின்னால் வந்த ஜெரார்ட் சரகோசாவால் அந்தப் பருவத்தைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. முடிவு பத்தாம் இடம். முழுப் பயிற்சிக் காலம் கிடைத்த அடுத்த பருவத்தில் அவரே அணியை மூன்றாம் இடத்துக்கும், 2025 ஏப்ரல் இறுதி ஆட்டத்துக்கும் கொண்டுபோனார்.

இதிலிருந்து, பருவத்தின் நடுவில் மாற்றுவது எப்போதும் வீண் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். நடுவில் மாற்றும் அணி ஏற்கெனவே நோயாளி. நோயாளி தேறவில்லை என்பதற்காக மருத்துவரை மாற்றியது தவறு என்று சொல்ல முடியாது. மேலும், குவாட்ராட் நீக்கப்பட்ட அதே 2021 ஜனவரியில் செல்சி ஃபிராங்க் லாம்பார்டை நீக்கியது. வந்த தாமஸ் துகெல் நான்கே மாதத்தில் ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீகை வென்றார். வித்தியாசம் எங்கே? பாரிஸ் அணி அவரை அதற்கு முந்தைய மாதம்தான் விடுவித்திருந்தது. உலகத் தரமான ஒருவர் கையில் வேலை இல்லாமல் இருந்தார். அதற்கு முந்தைய கோடையில் செல்சி பெரும்பணம் போட்டு வீரர்களைக் குவித்திருந்தது. ஆள் இருந்தார், சரக்கு இருந்தது, ஆகவே மாற்றம் பலித்தது. உங்கள் அணிக்கு இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் போகட்டும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றுகூட இல்லையென்றால் பருவம் முடியும் வரை காத்திருப்பதே மேல், அணி கீழ்நிலை லீகுக்குத் தரமிறக்கப்படும் அபாயம் இல்லாதவரை. இங்கிலாந்தில் கடைசி மூன்று இடங்கள் தரமிறக்கம் என்பதால், அங்கே பிப்ரவரி மாதத்துப் பயம் நியாயமானது. முதல் ஆறு அணிகளுக்கு பிளே-ஆஃப் வைத்திருந்த ஐ.எஸ்.எல்.-இல் கிரேசனுக்குக் கிடைத்தது போன்ற இரண்டாவது வாய்ப்பு இருந்தது.

பணத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வென்ற எரிக் டென் ஹாகுக்கு மான்செஸ்டர் யுனைடெட் ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டியது, அக்டோபர் 28-இல் நீக்கியது. அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பியதற்கு ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. தயக்கத்தின் விலை அது.

வாதாடும் முறை

ஒரே ரசிகர் குழுவில் அறுபதைத் தாண்டிய பெரியவரும் கல்லூரி படிக்கும் தம்பியும் இருப்பார்கள். பெரியவர் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் தானே ஆடியவராக இருக்கலாம். அவருக்கு எக்ஸ்ஜி என்றால் எரிச்சல் வரும். அவரிடம் எண்ணைச் சொல்லாமல், “அங்கிள், லெஃப்ட் பேக் மேல ஏறுனா பின்னாடி யார் கவர் பண்றாங்கன்னு நீங்களே பாருங்க” என்று காட்டினால் அவரே உங்களைவிட நன்றாக விளக்குவார். இளையவர்களிடம் பெரியவர்கள் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு: “எங்க காலத்துல” என்று ஆரம்பிப்பது. தோல்வி நடந்த இரவில் முடிவு எடுக்காதீர்கள். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு ஒன்றரைக்குத் தொடங்குகிறது. விடியற்காலை மூன்றரை மணிக்குத் தட்டச்சு செய்யும் எதையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

மைதானத்தில் எதிர்ப்பைக் காட்டுவதற்கு ஒரு நேரம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளருக்கு எதிராகக் கத்தினால், அதைக் கேட்டுக் கால் நடுங்குவது களத்தில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்குத்தான். கடைசி விசில் வரை அணிக்காகக் கத்துங்கள், பிறகு பதாகையை உயர்த்துங்கள். பதாகையில் முடிவு பற்றி எழுதலாம். அவருடைய நாடு, நிறம், குடும்பம் பற்றி ஒரு எழுத்தும் கூடாது. ரசிகர் குழுவாகக் கழகத்துக்குக் கடிதம் எழுதுவதானால், “வெளியேறு” என்பதைவிட “அடுத்த பயிற்சியாளரை யார், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பார்கள்?” என்று கேட்பது நிர்வாகத்துக்கு அதிகச் சங்கடம் தரும். பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அதுதான்.

புதியவர் வந்த பிறகு

புதியவரின் முதல் நான்கைந்து வெற்றிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். பயிற்சியாளர்கள் பொதுவாக அணி பாதாளத்தில் இருக்கும்போதுதான் நீக்கப்படுகிறார்கள்; பாதாளத்திலிருந்து போக வேறு திசை கிடையாது. நெதர்லாந்தின் முதல்நிலை லீகை 1986 முதல் 2004 வரை ஆராய்ந்த ஒரு பொருளாதார ஆய்வு, சரிவில் பயிற்சியாளரை மாற்றிய அணிகளும் அதேபோன்ற சரிவில் மாற்றாமல் இருந்த அணிகளும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மீண்டன என்று காட்டியது. இங்கிலாந்தின் லெஸ்டர் அணியைப் பாருங்கள்: 2016-இல் லீக் பட்டம் வென்று தந்த கிளாடியோ ரானியேரியை 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள், அவருடைய உதவியாளர் கிரேக் ஷேக்ஸ்பியர் வந்து முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார், அணி 12ஆம் இடத்தில் பிழைத்துக்கொண்டது, அதே வருடம் அக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார்.

ஆகவே பழையவரைப் பார்த்த அதே அளவுகோலோடு புதியவரையும் பாருங்கள்: பந்து பறிபோன ஐந்து விநாடிகள், அறுபதாவது நிமிடம், அருகிலுள்ள கம்பத்துக் கார்னர். முதல் எட்டு ஆட்டங்கள் வரை வாய் திறக்க வேண்டாம். அவருக்கென்று ஒரு பயிற்சிக் காலமும் ஒரு வீரர் பரிமாற்றக் காலமும் முடிந்த பிறகும் அதே வெற்றிடம் அதே இடத்தில் திறந்தால், கோளாறு பயிற்சியாளரின் நாற்காலியில் இல்லை. அப்போது கேள்வியை அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பக்கம் திருப்புங்கள்.